சிற்றண்டம் படைத்த பேலா பார்டோக்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். சிறார்க்குக் கவிதை கற்பிப்பது பற்றி அன்று பேச்சு நிகழ்ந்தது. எழுத்து, அசை, சீர், தளை என யாப்பைப் படிப்படியாகக் கற்ற பின்னரே பிள்ளைகள் பாட முற்பட வேண்டும் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். இலக்கணத்தை முன்னே நிறுத்தினால் பாட்டு பின்னாலும் வாராது என்றார் இளங்கவிஞர் ஒருவர். இருவர்க்கும் கைதட்டல் கிடைத்தது; வினா அப்படியே நின்றது. வீடு திரும்பும் பேருந்தில் என் நினைவு ஹங்கேரி நாட்டு இசைஞர் ஒருவர்பால் சென்றது. இதே வினாவோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். அவர் கையாண்ட கருவி பியானோ.

நான் இசை கற்றவள் அல்லேன். முனைவர்ப் பட்டத்திற்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிய நாள்களில், பிறநாட்டார் எவ்வாறு திரட்டினர் எனத் தேடியபோது அறிமுகமானவர் பேலா பார்டோக். ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னிட்டு எழுதுவர். அவர்கள் வழக்கில் அவர் பார்டோக் பேலா. தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னே இட்டு எழுதும் நமக்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், அந்நாளைய ஹங்கேரியின் தென்கிழக்கிலிருந்த நாட்யசென்ட்மிக்லோஷ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். நம் பாரதியாருக்கு ஏறத்தாழ இருபத்தொரு மாதம் மூத்தவர். தந்தையார் வேளாண்மைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். இசையில் ஈடுபாடு மிக்கவர். தாயார் பவுலாவும் ஆசிரியை. அம்மைத் தடுப்பூசியின் விளைவாகக் குழந்தையின் உடலெங்கும் தோன்றிய தோல்நோய் ஐந்தாண்டு வரை நீங்கவில்லை. பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கி வளர்ந்த பிள்ளைக்குத் தாயின் பாட்டும் வீட்டுப் பியானோவும் துணையாயின. நான்கு வயதில் நாற்பது மெட்டுகளை ஒற்றை விரலால் தட்டி வாசித்ததாகக் கூறுவர். ஐந்து வயது நிறைந்தபோது தாயாரே முறையாகப் பாடம் தொடங்கினார். ஏழாம் வயதில் தந்தையார் மறைந்தார்.

கைம்பெண்ணான தாய், இரு பிள்ளைகளையும் உடன்கொண்டு பணி கிடைத்த ஊர்களுக்கெல்லாம் பெயர்ந்தார். நாட்யசோலோஷ் என்னும் ஊரில் இருந்தபோது, ஒன்பதாம் வயதளவில், சிறுவன் தானே இசை புனையத் தொடங்கினான். 1892ஆம் ஆண்டு மே முதல் நாள் அவ்வூர் அவையில் தன் படைப்பான தன்யூப் ஆற்றின் போக்கு என்னும் உருப்படியை அவன் வாசித்தான். ஆறு ஊற்றில் தோன்றி, நாடுகளைக் கடந்து, கடல் சேரும் கதை அது. ஹங்கேரிக்குள் நுழையும்போது இசை களிக்கிறது, நீங்கும்போது வாடுகிறது. முல்லைப் பெரியாற்று நீர் தலைமதகில் இறங்கும் நாளில் கூடலூர்க் கரையில் நின்று பார்த்தவர்க்கு இப்பதினொரு வயதுச் சிறுவனின் கற்பனை எளிதில் விளங்கும். பயிற்சி முற்றுப்பெறும் வரை படைப்பு காத்திருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பின்னர்ப் போஜோனி நகரில் பள்ளிப் படிப்பும், 1899 முதல் 1903 வரை புடாபெஸ்ட் இசைக் கல்லூரிப் படிப்பும் அமைந்தன. கல்லூரியில் பியானோ ஆசிரியராக வாய்த்த இஸ்த்வான் தோமான், புகழ்பெற்ற லிஸ்ட்டின் மாணவர். ஆகவே பார்டோக் ஐரோப்பியச் செவ்வியல் மரபின் நேர்வழியில் வந்தவர். மேடைப் பியானோக் கலைஞராக உலகைச் சுற்றி வாழ்ந்திருக்கலாம். அவரை வேறு வழிக்குத் திருப்பியது ஒரு பணிப்பெண்ணின் குரல்.

1904ஆம் ஆண்டுக் கோடையில் வடபுலச் சிற்றூரொன்றில் அவர் தங்கியிருந்தார். அடுத்த அறையில், டிரான்சில்வேனியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த லிதி தோஷா என்னும் இளம்பெண், தன் பொறுப்பிலிருந்த குழந்தைக்காகப் பாடிக்கொண்டிருந்தாள். அதுவரை அவர் கேட்டறியாத மெட்டு. அவளை அழைத்துப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். நகரத்து விடுதிகளில் ஹங்கேரிய இசையென்று வழங்கியதற்கும் இதற்கும் உறவில்லை எனக் கண்டார். ஒரு நாட்டின் இசை வரலாறே ஒரு தாலாட்டின் ஓரமாகத் திரும்பிற்று என்றால் மிகையாகாது. லிதி தோஷாவின் பெயர் இன்றும் நூல்களில் நிற்கிறது. நம் பாட்டிமாருள் எத்தனை பேருக்கு அப்பேறு கிட்டியது?

மறு ஆண்டில் ஸோல்தான் கொதாயின் நட்புக் கிட்டியது. இருவரும் சேர்ந்து 1906இல் இருபது நாட்டுப் பாடல்களைப் பியானோ இசையுடன் வெளியிட்டனர். எடிசனின் போனோகிராஃபையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு பார்டோக் ஊர் ஊராக நடந்தார். ஹங்கேரியப் பாடல்களோடு நில்லாமல் ருமேனியப் பாடல்களையும் சுலோவாக்கியப் பாடல்களையும் திரட்டினார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும் 1936இல் துருக்கிக்கும் சென்றார். அவர் ஏட்டில் ஏற்றிய பாடல்கள் பல்லாயிரம்.

இப்பயணங்களின் இடர்கள் என் போன்றோர்க்கு நன்கு தெரிந்தவை. பழைய பாட்டுப் பாடுங்கள் என அவர் வேண்ட, கிழவிகள் கோயிற் பாட்டும் நகரத்துப் பாட்டும் பாடினராம். கம்பம், சின்னமனூர்ப் பக்கத்து நாற்றங்கால்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு நான் நின்றபோது, நடவுப் பாட்டுக் கேட்ட எனக்கு முதலில் கிடைத்தவையும் திரைப்பாடல்களே. படித்தவள் கேட்கிறாள், நல்ல பாட்டாகப் பாடுவோம் என்னும் கருணை அது. நாலாம் நாள் அவர்கள் என்னை மறந்து தமக்குள் பாடத் தொடங்கிய பின்னரே வேண்டியது கிட்டியது.

1907இல் தம் ஆசான் தோமானின் இடத்தில் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியின் பியானோப் பேராசிரியராக அமர்ந்தார். 1934 வரை அப்பணி நீடித்தது. இசையாக்கம் கற்பிக்குமாறு பலமுறை வேண்டப்பட்டும் அவர் இசையவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் வருவாயின்றித் துன்புற்றபோதும் அவ்வாறான பதவியொன்றை மறுத்தார். படைப்பைப் பாடமாக நடத்தலாகாது, அவ்வாறு நடத்தினால் தம் படைப்பும் கெடும் என்பது அவர் எண்ணம். ஆனால் சிறுவர்க்கென அவர் எழுதியவற்றைப் பார்க்கும்போது, இசையாக்கத்தை வாசலில் மறுத்துவிட்டுப் பியானோப் பாடத்தின் வழியே உள்ளே அழைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்துப் பியானோப் பயிற்சி எத்தகையது? விரல்கள் ஏறி இறங்கும் பயிற்சிகள் ஒருபுறம்; அவற்றுக்குப் பரிசாகக் கிடைக்கும் சருக்கரைப் பாகு போன்ற சிறு உருப்படிகள் மறுபுறம். விதிவிலக்குகள் உண்டு. பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவின் குறிப்பேட்டில் எழுதிவைத்தவையும், ஷூமன் 1848இல் தம் மகளிரை எண்ணி எழுதிய இளையோர் தொகுப்பும் பிள்ளைகளை மதித்தவை. பார்டோக் இவ்வழியை மேற்கொண்டு, அதனுள் ஊர்ப் பாடலைக் கொண்டுவந்தார். 1908, 1909ஆம் ஆண்டுகளில் குழந்தைகளுக்காக என்னும் தலைப்பில் 85 சிறு உருப்படிகளை எழுதினார். எல்லாம் ஹங்கேரிய, சுலோவாக்கிய நாட்டுப் பாடல்கள். சிறு கைகளுக்கு எட்டாத எட்டாஞ்சுர விரிவுகளை அவற்றில் தவிர்த்தார். மெட்டைத் தொடவில்லை; அடியில் ஒலிக்கும் துணைச்சுரங்களில் மட்டுமே தம் கைவண்ணத்தைக் காட்டினார். குழந்தை விளையாட்டுப் பாட்டும் குடிகாரன் பாட்டும் சாவுப் பாட்டும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சிறுவர் இலக்கியம் என்றாலே இனிப்புப் பண்டம் என்று கருதும் நம் பதிப்பாளர்கள் இவ்வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1913இல் ரெஷோஃப்ஸ்கி என்னும் ஆசிரியருடன் சேர்ந்து தொடக்கநிலைப் பியானோ நூலொன்றும் எழுதினார்.

அவருடைய இல்வாழ்வைப் பற்றி ஒரு சொல். 1909இல் அவர் மணந்த மார்த்தா அவருடைய மாணவி, பதினாறு வயதினர். 1923இல் அம்மணம் முறிந்தது. அதே ஆண்டில் மணந்த தித்தாவும் மாணவியே. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதை ஓரிரு வரிகளில் கடந்து போகின்றனர். கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான் அவ்வளவு எளிதாகக் கடக்க இயலவில்லை. வகுப்பில் அவர் கண்டிப்பானவர் என்றும், விளக்கிச் சொல்லாமல் சரியாக வரும்வரை தாமே மீண்டும் மீண்டும் வாசித்துக் காட்டுவார் என்றும் மாணவர்கள் பதிந்துள்ளனர்.

முதல் உலகப்போரின் முடிவில், 1920ஆம் ஆண்டுத் திரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கை இழந்தது. பார்டோக் பிறந்த ஊர் ருமேனியாவுக்குச் சென்றது. தன்யூப் இசையை அவர் வாசித்த ஊரும், பள்ளியில் பயின்ற போஜோனியும் செக்கோசுலோவாக்கியாவுக்குச் சென்றன. இன்று முன்னது உக்ரைனிலும் பின்னது பிராத்திஸ்லாவா என்னும் பெயரில் சுலோவாக்கியாவிலும் உள்ளன. அவர் பாடல் திரட்டிய ஊர்கள் பல அயல்நாட்டு மண்ணாயின. அவ்வேளையில் ருமேனிய நாட்டார் இசை பற்றி அவர் வெளியிட்ட ஆய்வைக் கண்டு, பகைவர் பாட்டைப் போற்றும் துரோகி என உள்நாட்டு ஏடுகள் தூற்றின. ஒரே மெட்டு எல்லைக்கு இருபுறமும் இரு மொழிகளில் பாடப்படுகிறது என்பதைக் காதால் கேட்டவர் அவர். குமுளி மலைக்கு அப்பால் மலையாளமும் இப்பால் தமிழும் ஒலிக்க, ஏலத்தோட்டங்களில் இரண்டும் கலந்து பழகிய நம் பகுதியார்க்கு இந்த உண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பார்டோக் தம் ஆய்வைத் திரும்பப் பெறவில்லை.

இனி அவருடைய சிறுவர் இசையின் பெருநூலுக்கு வருவோம். தித்தாவின் மகன் பேட்டர் 1924இல் பிறந்தான். 1926 முதலே எளிய பியானோ உருப்படிகள் சிலவற்றைப் பார்டோக் எழுதத் தொடங்கியிருந்தார். 1933இல் மகனுக்குத் தாமே பாடம் சொல்லத் தொடங்கியபோது அவை ஒரு நூலாக வளர்ந்தன. பாடம் பியானோவில் தொடங்கவில்லை, பாடலில் தொடங்கிற்று. முதல் சில மாதங்கள் சிறுவனுக்கு வாய்ப்பாட்டு மட்டுமே. எந்தக் கருவிப் பயிற்சியும் பாடலில்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர், பாட நேரத்தில் மகன் காத்திருக்க, தந்தை அங்கேயே தாளில் பயிற்சியை எழுதித் தருவார். நாளடைவில் மகன் கற்கும் விரைவை விடத் தந்தை எழுதும் விரைவு மிகுந்துவிட்டது. 1939இல் முடிவடைந்து 1940இல் வெளிவந்தபோது அந்நூல் ஆறு தொகுதிகளையும் 153 உருப்படிகளையும் கொண்டிருந்தது. முதலிரு தொகுதிகளின் 66 உருப்படிகள் பேட்டருக்குக் காணிக்கை. நூலின் பெயர் மிக்ரோகாஸ்மாஸ். தமிழில் சிற்றண்டம் எனலாம். அண்டமும் பிண்டமும் ஒன்றெனப் பேசிய சித்தர் மரபில் வந்த நமக்கு இப்பெயர் வழங்கும் பொருள் பிடிபடும்.

இதன் அமைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனுமே நினைவுக்கு வருகின்றன. எழுத்துக்கு ஓரடியாகத் தொடங்கி, பின்னர் மூதுரையின் வெண்பாவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கிறது நம் பழைய திண்ணைப் பள்ளி முறை. சிற்றண்டத்தின் முதற் பக்கமும் அவ்வாறே. ஐந்து விரலுக்கு ஐந்து சுரம். இரு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. கை நகர வேண்டுவதில்லை. பிறகு ஒரு கை நிற்க மறுகை நடக்கிறது. ஒரு கை சொன்னதை மறுகை சற்றுப் பின்னே திருப்பிச் சொல்கிறது. நாற்பது பாடங்களுக்குள் பிள்ளை தன்னை அறியாமலே இருகுரல் இசையின் இலக்கணத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் முதல் உருப்படியே ஒரு முழுமையான பாட்டு. ஆத்திசூடியின் முதலடி முழுமையான வாக்கியமாக இருப்பது போல. இதுவே நான் கூட்டத்தில் சொல்லத் தவறியது. நம் அசைப் பயிற்சிகளில் பொருளற்ற வாய்பாட்டைப் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

பிள்ளை பார்த்துச் சிரிக்கும்படியான பெயர்களும் உள்ளன. ஈயின் நாட்குறிப்பிலிருந்து என்றோர் உருப்படி. அருகருகேயுள்ள கட்டைகள் உரசி ரீங்கரிக்க, ஈ சிலந்தி வலையில் மாட்டித் தப்புகிறது. மற்போர் என ஒன்று. நாகங்களின் நடனம் என ஒன்று. சில உருப்படிகளுக்குச் சொற்கள் உண்டு. வாசிப்பவரே பாட வேண்டும். சில இரு பியானோக்களுக்கு உரியவை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தமர்ந்து வாசிக்கலாம். பாடங்களை வேறு சுருதிக்கு மாற்றி வாசித்துப் பார்க்கவும், துணைச்சுரங்களை எளிமையாக்கியோ இரு பியானோக்களுக்குப் பிரித்தோ தாமே அமைத்துக்கொள்ளவும் முன்னுரையிலேயே அவர் வழி திறந்துவிடுகிறார். அச்சிட்ட தாளைப் புனிதமாக்காத நூலாசிரியர் அரியர். படைப்பு என்னும் விதை அங்கே ஊன்றப்படுகிறது. வெண்பாவை ஆசிரியப்பாவாக மாற்றிப் பார் என்று பிள்ளையிடம் சொல்வதற்கு ஒப்பானது இது.

தமிழிசை அறிந்தோர்க்கு வேறொரு செய்தியும் உண்டு. பழைய ஹங்கேரியப் பாடல்கள் ஐஞ்சுரத்தில் அமைந்தவை. அச்சுரங்கள் நம் சுத்த தன்யாசியோடு பொருந்துகின்றன. நூலின் இறுதியில் நிற்கும் ஆறு நடனங்கள் பல்கேரியத் தாளத்தில் அமைந்தவை. இரண்டும் மூன்றுமாக எண்ணி ஐந்து, இரண்டும் இரண்டும் மூன்றுமாக எண்ணி ஏழு என்று அத்தாளங்கள் நொண்டி நடக்கின்றன. கண்ட சாபும் மிஸ்ர சாபும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இலண்டன் பிள்ளைகளை விட விரைவில் இவற்றைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆனால் நம் பிள்ளைகளிடம் இந்நூலைக் கொடுப்பார் அரியர். தேனியிலும் சின்னமனூரிலும் மின்விசைப்பலகை கற்பிக்கும் வகுப்புகள் இன்று உள்ளன. அயல்நாட்டுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் அணியமாகின்றனர். என் உறவினர் மகள் ஒருத்தி மூன்று நிலைகளில் தேறிவிட்டாள். தன் பாட்டி பாடும் தாலாட்டின் மெட்டை வாசிக்கச் சொன்னேன். அதற்குக் குறிப்பு இல்லையே என்றாள். பாட்டி அடுத்த அறையில்தான் இருந்தார்.

நம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இசைஞானி இளையராஜா இதற்கு எதிர்வழியில் சென்றவர் என்பதை நாம் அறிவோம். ஊர்ப் பாட்டிலும், தமையனார் பாவலர் வரதராசனின் மேடைகளிலும் ஊறிய பின்னரே சென்னை சேர்ந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் கித்தாரும் பாக்கின் இசையும் கற்றார். அவருக்கு இருபத்தைந்து வயதளவில் நேர்ந்த அச்சந்திப்பைப் பார்டோக் ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்களிலேயே நிகழ்த்திவிட முயன்றார்.

நூல் முடியும் வேளையில் ஐரோப்பா இருண்டது. இட்லர் ஆட்சிக்கு வந்த பின் பார்டோக் செருமனியில் வாசிக்க மறுத்தார். ஆஸ்திரியா நாசிகள் கைப்பட்டதும், அவருடைய வியன்னாப் பதிப்பகத்திலிருந்து இனத் தூய்மை பற்றிய வினாத்தாள் வந்தது. ஆரிய இனத்தவர் எனத் துணிந்து எழுதிப் பிழைத்திருக்கலாம். அவரும் கொதாயும் அதை நிரப்ப மறுத்தனர். பதிப்பகத்தை மாற்றினார். சிற்றண்டம் இலண்டன் வழியே வெளிவந்தமைக்கு அதுவே காரணம். 1939 டிசம்பரில் தாயார் மறைந்தார். தமக்கு முதற் பாடம் சொன்னவர் வாழ்ந்த நாள்வரை நாட்டை விட்டு நீங்க மனம் கொள்ளாதவர், 1940 அக்டோபரில் தித்தாவுடன் நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டார். தாம் எழுதிவைத்த இறுதி விருப்பத்தில், இட்லர், முசோலினி பெயர்களில் ஹங்கேரியில் தெருக்கள் உள்ளவரை தம் பெயரை எத்தெருவுக்கும் சூட்டலாகாது எனக் குறித்தார்.

அமெரிக்க ஆண்டுகள் கொடியவை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய, குரோவாசியப் பாடல்களின் ஒலிப்பதிவுகளைச் சுரப்படுத்தும் பணி சிறிது காலம் இருந்தது. மேடை வாய்ப்புகள் அருகின. இரத்தப் புற்றுநோய் பற்றியது. 1943இல் மருத்துவமனையில் கிடந்தவரிடம் பாஸ்டன் இசைக்குழுவின் தலைவர் கூசவிட்ஸ்கி ஒப்படைத்த பணியால் எழுந்ததே முழு இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ. இறுதியாக, தமக்குப் பின் மனைவி வாசித்துப் பிழைக்கட்டும் என்று மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை எழுதினார். பதினேழு அடைப்புகள் எஞ்சியிருக்க, 1945 செப்டம்பர் 26ஆம் நாள் உயிர் பிரிந்தது. எஞ்சியதை நண்பர் திபோர் செர்லி நிறைவு செய்தார். அடக்கத்துக்கு வந்தவர் மிகச் சிலரே. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1988இல், அவர் உடலெச்சங்கள் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டன.

மகன் பேட்டர் பியானோக் கலைஞர் ஆகவில்லை. 1942இல் பெற்றோரிடம் அமெரிக்கா வந்து சேர்ந்தவர், பின்னாளில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆனார். தந்தையின் கையெழுத்துப் படிகளை அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பிழை களைவதில் தம் முதிர்ந்த ஆண்டுகளைச் செலவிட்டார். சிற்றண்டத்தின் திருந்திய பதிப்பு 1987இல் வெளிவந்தது. பாட நேரத்தில், தந்தை எழுதி முடிக்கட்டும் எனத் தாளருகே காத்திருந்த சிறுவன், அறுபதை அணுகும் வயதில் அதே பக்கங்களைத் திறந்து, தவறாக விழுந்த சுரங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 2020இல் மறைந்தார்.